உயர்தரம் படிக்கும்போதே டிப்ளோமா: சேருவதற்கு முன் யாரிடம் கேட்பது?

ஓ.எல் பரீட்சை முடிந்த கையோடு மட்டக்களப்பு நகரிலும் கல்முனையிலும் மதில், மின்கம்பம், ஓட்டோவின் பின்பக்கம் என்று எல்லா இடத்திலும் புதுப் போஸ்டர்கள் வந்துவிடும். ஏ.எல் படித்துக்கொண்டே டிப்ளோமா முடிக்கலாம், பல்கலைக்கழகத்தின் முதலாம் ஆண்டை இப்போதே தாண்டலாம், இருபது வயதில் பட்டதாரி ஆகலாம் என்றெல்லாம் அதில் இருக்கும். அதே நேரம் கனடாவிலோ அமெரிக்காவிலோ இருக்கும் மாமா வட்ஸ்அப்பில் எடுத்து, தன் மகள் பன்னிரண்டாம் வகுப்பிலேயே கல்லூரிப் பாடம் படித்து கிரெடிட் எடுத்துவிட்டாள், உங்கள் பிள்ளை ஏன் சும்மா இருக்கிறது என்று கேட்பார். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு காசு கட்டிவிடும் குடும்பங்கள் நம் பக்கத்தில் நிறைய. மாமாவின் மகள் படித்ததும் போஸ்டரில் இருப்பதும் ஒரே விஷயம் அல்ல. எங்கே வேறுபடுகிறது, அதனால் என்ன விளைவு வரும், யாரிடம் கேட்டுவிட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும் என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

மாமா சொல்வது என்ன?

பாடசாலையில் படித்துக்கொண்டிருக்கும் மாணவர், பாடசாலையை விடாமலே, பக்கத்துக் கல்லூரியிலும் பதிந்து கல்லூரிப் பாடங்களைப் படிப்பதுதான் இரட்டைப் பதிவு. ஒரே பாடம் இரண்டு இடத்தில் எண்ணப்படும்: பாடசாலை முடிப்பதற்கும் கணக்கு, பிறகு பட்டத்துக்கும் கணக்கு. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் 1985இல் இதற்கென்று சட்டம் போட்டது. வாஷிங்டன் மாநிலத்தில் ரன்னிங் ஸ்டார்ட் என்ற பெயரில் 11ஆம், 12ஆம் வகுப்பு மாணவர்கள் சமூகக் கல்லூரிகளுக்குப் போகிறார்கள். கற்பித்தல் கட்டணம் அவர்களிடம் வாங்கப்படுவதில்லை. கனடாவின் ஒன்ராறியோவில் டுவல் கிரெடிட் என்கிறார்கள். விவரங்கள் இடத்துக்கு இடம் மாறும்.

இதில் அடிக்கடி வரும் மூன்று சொற்கள்:

1. கிரெடிட்: ஒரு பாடத்துக்குப் போகும் உழைப்பின் அளவு. அமெரிக்காவில் ஒரு கிரெடிட் என்றால் ஏறக்குறைய 15 வாரத்துக்கு, வாரம் ஒரு மணித்தியாலம் வகுப்பும் அதற்கு வெளியே இரண்டு மணித்தியாலம் சொந்தப் படிப்பும். ஆக மூன்று கிரெடிட் பாடம் ஒன்று வாரத்தில் ஒன்பது மணித்தியாலம் கேட்கும்.

2. ட்ரான்ஸ்கிரிப்ட்: கல்லூரி வைத்திருக்கும் பெறுபேற்றுப் பதிவேடு. பதினாறு வயதில் எடுத்த கிரேட்டும் அதில் நிரந்தரமாக இருக்கும்.

3. கல்வி ஆலோசகர்: எந்தப் பாடம், எத்தனை, எப்போது என்று மாணவருடன் இருந்து பார்த்துச் சொல்பவர். பாடசாலையில் ஒருவர் இருப்பார், கல்லூரியில் இன்னொருவர் இருப்பார்.

அங்கே ஆலோசகர் இல்லாமல் ஏன் நகர முடியாது?

மாமா சொல்லாமல் விடும் பகுதி இதுதான். பாடசாலைப் பிள்ளை கல்லூரியில் பதிந்த நாளிலிருந்து அதன் தலையில் நான்கு விஷயங்கள் ஏறுகின்றன. பிள்ளைக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது. தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால்தான் தப்பலாம்.

முதலாவது, தோல்வி தொடர்ந்து வரும். பல பல்கலைக்கழகங்கள் விண்ணப்பத்தின்போது இதுவரை படித்த எல்லாக் கல்லூரிகளின் ட்ரான்ஸ்கிரிப்டையும் கேட்கும். பதினோராம் வகுப்பில் ஆர்வத்தில் எடுத்து, இடையில் போகாமல் விட்ட ஒரு பாடத்தின் எஃப் அங்கே வந்து நிற்கும். அதே பாடத்தைக் குறித்த திகதிக்குள் முறைப்படி கைவிட்டிருந்தால் விலகினார் என்ற குறிப்பு மட்டும்தான். இரண்டுக்கும் இடையில் இருப்பது ஒரு படிவமும் ஒரு திகதியும்தான், அதை ஞாபகப்படுத்த ஆள் வேண்டும்.

இரண்டாவது, உதவிப்பணம். அமெரிக்க மத்திய அரசின் மாணவர் உதவியைத் தொடர்ந்து பெற, எடுத்த கிரெடிட்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைச் சித்தியடைந்துகொண்டே வர வேண்டும், பட்டத்துக்கான அளவின் ஒன்றரை மடங்கைத் தாண்டக் கூடாது. பாடசாலைக் காலத்தில் எடுத்த கல்லூரிப் பாடங்களையும் பல கல்லூரிகள் இந்தக் கணக்கில் சேர்த்துவிடும். அப்போது எந்த உதவியும் வாங்காத பிள்ளைகூட, பிறகு உதவி கேட்கும்போது பழைய பாடங்களுக்குப் பதில் சொல்ல வேண்டி வரும்.

மூன்றாவது, எடுத்த கிரெடிட் எல்லாம் போகும் இடத்தில் செல்லுபடியாகும் என்றில்லை. ஒரு பல்கலைக்கழகம் ஏற்கும், இன்னொன்று ஏற்காது. ஏற்றாலும் அந்தப் பட்டத்துக்குத் தேவையான பாடமாக ஏற்குமா, வெறும் உதிரியாகப் போட்டுவிடுமா என்பது அடுத்த கேள்வி. தாதியியலுக்குப் போக நினைக்கும் பிள்ளை நண்பிகள் எடுக்கிறார்கள் என்று நான்கு பாடம் எடுத்தால், நான்கும் உதிரியாகிப் போகலாம்.

நான்காவது, பெற்றோர் வெளியே நிற்க வேண்டி வரும். மாணவர் பதிவேட்டை யார் பார்க்கலாம் என்று சொல்லும் 1974ஆம் ஆண்டின் அமெரிக்க ஃபெர்பா சட்டப்படி, பிள்ளை கல்லூரியில் படிக்கத் தொடங்கியதும், வயது பதினாறாக இருந்தாலும், கல்லூரிப் பதிவேட்டின் மீதான உரிமை பிள்ளையிடம் போய்விடும். சில விதிவிலக்குகள் உண்டு. ஆனாலும் பாடசாலை அதிபரிடம் போய்க் கேட்பதுபோல கல்லூரிக்கு ஃபோன் எடுத்து மகள் எப்படிப் படிக்கிறாள் என்று கேட்டுவிட முடியாது.

இதனால்தான் வாஷிங்டனில் ரன்னிங் ஸ்டார்ட் மாணவர் ஒவ்வொரு தவணையும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். மாணவர், பதினெட்டு வயதுக்குக் குறைவென்றால் பெற்றோர், பாடசாலை ஆலோசகர் எல்லோரும் அதில் கையெழுத்து வைப்பார்கள். எத்தனை கிரெடிட்வரை எடுக்கலாம் என்பதும் அதிலேயே முடிவாகும். பாடம் நடத்தும் கல்லூரிக்கு வெளியே இருக்கிற ஒருவர் பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் பிள்ளை உள்ளே போகிறது. அங்கேயும் இது குறையில்லாமல் நடப்பதில்லை. 250 மாணவருக்கு ஓர் ஆலோசகர் என்று அமெரிக்கப் பாடசாலை ஆலோசகர் சங்கம் பரிந்துரைக்கிறது, பல பாடசாலைகளில் ஒருவருக்கு அதைவிட மிக அதிகமான மாணவர்கள்.

இங்கே என்ன வித்தியாசம்?

அடிப்படை வித்தியாசம் ஒன்றுதான். அங்கே பாடசாலையில் எடுத்த கிரெடிட் பல்கலைக்கழகத்துக்கு நகரும். இங்கே நகராது.

இலங்கையில் அரச பல்கலைக்கழகம் போவதற்கு ஏ.எல்லில் ஒரே தடவையில் மூன்று பாடச் சித்தி வேண்டும், ஏ.எல்லோடு எழுதும் பொதுச் சாதாரண பரீட்சையில் குறைந்தது 30 புள்ளி வேண்டும், அதற்குப் பிறகு எல்லாம் இசட் ஸ்கோர். நான்கு தசம இடம்வரை கணக்கிட்டு வரிசைப்படுத்துகிறார்கள். பெரும்பாலான துறைகளில் 40 சதவீத இடம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 சதவீதம் மாவட்டங்களுக்கு, மிகுதி 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பதினாறில் இருக்கின்றன. இந்தக் கணக்கில் எந்த இடத்திலும் தனியார் டிப்ளோமாவுக்கு ஒரு புள்ளிகூட இல்லை. வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ உள்ள அரச பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகிப் போன பிறகும், உன்னிடம் டிப்ளோமா இருக்கிறது, முதலாம் ஆண்டு வேண்டாம் என்று யாரும் சொல்லப் போவதில்லை.

அப்படியென்றால் பல்கலைக்கழகத்தின் முதலாம் ஆண்டை இப்போதே தாண்டலாம் என்பது எந்தப் பல்கலைக்கழகம்? அந்த நிறுவனம் ஒப்பந்தம் வைத்திருக்கும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம், அல்லது அதே நிறுவனம் நடத்தும் அடுத்த கட்டணக் கற்கைநெறி. அது தவறான வழி என்று சொல்லவில்லை, காசும் விருப்பமும் இருப்பவர்களுக்கு அது ஒரு வழி. ஆனால் அரச பல்கலைக்கழகத்துக்குப் போக நினைத்து ஏ.எல் படிக்கும் பிள்ளை, அது வேறு பாதை என்பது தெரியாமல் அதற்குப் பணம் கட்டக் கூடாது.

நம் நாட்டில் இரட்டைப் பதிவுக்கு ஓரளவு கிட்ட வருவது 13 வருட உத்தரவாதக் கல்வியின் தொழிற்பாடப் பிரிவு. 2017இல் 42 பாடசாலைகளில் தொடங்கினார்கள். ஓ.எல் பெறுபேறு எப்படி இருந்தாலும் தரம் 12இல் சேரலாம். பொதுப் பாடங்களைப் பாடசாலையில் படித்துவிட்டு, பிறகு பயிற்சி நிலையம் ஒன்றில் தொழில் பயின்று என்.வி.கியூ எனும் தேசிய தொழிற்தகைமையின் 4ஆம் மட்டச் சான்றிதழை நோக்கிப் போகலாம். என்.வி.கியூவில் ஏழு மட்டம்: நான்குவரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்ட மட்டம். இங்கேதான் ஒரு மட்டத்தில் படித்தது அடுத்த மட்டத்துக்கு உதவுகிறது. ஓ.எல்லில் கணிதம் விடுபட்ட பிள்ளைகளுக்கு இது நல்ல வாசல், ஆனால் பெறுபேறு வந்த வாரத்தில் இதை எத்தனை வீட்டுக்கு யார் போய்ச் சொல்கிறார்கள்? கட்டணம் வாங்காத பாதைக்குப் போஸ்டர் ஒட்ட ஆளில்லை.

சனிக்கிழமை மட்டும்தான் என்கிறார்களே?

சேர்த்துக்கொள்ளும் மேசையில் அடிக்கடி கேட்கும் வசனம்: "அம்மா, ஏ.எல்லுக்கு ஒரு பாதிப்பும் வராது, சனிக்கிழமை அரைநாள் மட்டும்தான்." இதை ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலக் கற்றல். வகுப்பு, வீட்டில் படிப்பது, ஒப்படை, பரீட்சை எல்லாம் சேர்த்துத்தான். ஒரு முழுக் கல்வியாண்டு 30 கிரெடிட், அதாவது 1500 மணித்தியாலம். விரிவுரையாக நடக்கும் பாடத்தில் ஒரு கிரெடிட்டுக்கு 15 மணித்தியாலம் வகுப்பு என்பது வழக்கம். 30 கிரெடிட்டுக்கு 450.

சனி அரைநாள் என்றால் நான்கு மணித்தியாலம். வருடத்தில் 50 சனிக்கிழமை ஒன்றுகூட விடாமல் நடந்தாலும் 200 மணித்தியாலம்தான். ஆகவே இரண்டில் ஒன்று. அது பட்டத்தின் முதலாம் ஆண்டுக்குச் சமமான படிப்பு இல்லை. அல்லது மிச்சம் 1300 மணித்தியாலத்தைப் பிள்ளை எங்கிருந்தோ எடுக்க வேண்டும். வாரத்துக்குப் பிரித்தால் 25 மணித்தியாலத்துக்கு மேல் வருகிறது. அந்த 25ஐ ஏ.எல்லிலிருந்துதான் பிடுங்க முடியும், வேறு இடமில்லை.

பயணத்தையும் சேருங்கள். மண்டூரில் இருந்து களுவாஞ்சிக்குடிக்கு வந்து ஏ.எல் படிக்கும் பிள்ளையை எடுத்துக்கொள்வோம். சனிக்கிழமை காலை மட்டக்களப்பு நகரில் 8.30க்கு வகுப்பு. பாதை (மிதவைப் படகு) பிடித்து வாவியைக் கடந்து குருமண்வெளியில் இறங்கி, பிரதான வீதிக்கு வந்து, கல்முனையிலிருந்து வரும் பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். ஆறு மணிக்கே வெளிக்கிட்டால்தான் சரி. பன்னிரண்டரைக்கு வகுப்பு விட்டு வீடு வந்து சேர மூன்றாகிவிடும். அரைநாள் என்று சொன்னது முழுநாள். கணக்கியலோ இணைந்த கணிதமோ வார இறுதியில்தான் ரியூஷன் நடக்கிறதென்றால் அதில் ஒன்று போய்விடும். கிழமை நாட்களில் வகுப்பு என்று சொன்னால் இன்னும் மோசம்: பாடசாலை விண்ணப்பதாரியாக ஏ.எல் எழுத 80 சதவீத வரவு வேண்டும்.

பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைதான் ஏ.எல்லைக் கணக்கில் எடுப்பார்கள். முதல் தடவையை ஒரு டிப்ளோமாவுக்காக இழப்பது சின்ன விஷயம் அல்ல.

பதிவு வேறு, அங்கீகாரம் வேறு

அரச அங்கீகாரம் பெற்றது என்று துண்டுப்பிரசுரத்தில் இருந்தால் இரண்டு கேள்வி கேளுங்கள்: எந்த ஆணைக்குழு, எதற்கு?

1. மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு, 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வருவது. தொழிற்பயிற்சி தரும் நிறுவனங்கள் அங்கே பதிய வேண்டும். ஆனால் நிறுவனம் பதிந்திருப்பது ஒன்று, குறிப்பிட்ட கற்கைநெறி தர அங்கீகாரம் பெற்றிருப்பது இன்னொன்று. அந்த அங்கீகாரம் இருந்தால்தான் என்.வி.கியூ சான்றிதழ் கிடைக்கும். பதிவிலக்கத்தைக் காட்டிவிட்டு எல்லாக் கற்கைநெறிக்கும் அங்கீகாரம் இருக்கிறதுபோலப் பேசுவது சர்வசாதாரணம், இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்.

2. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வருவது. இது பார்ப்பது பட்டங்களை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொன்னால், அந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டத்தை ஏற்கிறார்களா என்று ஆணைக்குழுவிடமே கேட்கலாம்.

இரண்டு ஆணைக்குழுவின் இணையத்தளமும் கையிலிருக்கும் ஃபோனில் திறக்கும். நிறுவனத்தின் பெயரையும் கற்கைநெறியின் முழுப் பெயரையும் அப்படியே எழுதிக்கொண்டு வந்து வீட்டில் இருந்து தேடுங்கள். மேசைக்கு முன்னால் இருந்துகொண்டு, அவர்கள் காட்டும் திரையில் பார்க்காதீர்கள்.

விற்பவரைத் தவிர வேறு யார்?

நம் பக்கத்தில் நடக்கும் பெரிய அநியாயம் இதுதான் என்பது என் உறுதியான கருத்து: கற்கைநெறியை விற்பவரே ஆலோசகர் என்ற பெயரிலும் இருக்கிறார். அந்த மேசையில் இருக்கும் தங்கச்சி நல்ல மனம் உள்ளவராகவே இருக்கலாம், ஆனால் "உங்கட மகனுக்கு இப்ப இது வேணாம், ஏ.எல் முடிச்சிட்டு வாங்க" என்று சொல்வதற்காக அவருக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. கேட்பதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள்:

1. பாடசாலையின் தொழில் வழிகாட்டல் ஆசிரியர். பல பாடசாலைகளில் இது பாடவேளைகளுக்கு மேலால் ஒருவர் தலையில் கட்டிய வேலை. ஆனாலும் உங்கள் பிள்ளையின் தவணைப் புள்ளியைப் பார்த்துப் பேசக்கூடியவர் அவர்தான். அவர் இல்லாவிட்டால் ஏ.எல் பகுதித் தலைவர்.

2. பிரதேச செயலகத்தில் மனிதவலு மற்றும் வேலைவாய்ப்புத் திணைக்களத்தின் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தர். தொழில் வழிகாட்டல் அவருடைய கடமை. காசு வாங்க மாட்டார். வாகரையிலோ திருக்கோவிலிலோ இருப்பவர்கள் இதற்காக நகரத்துக்கு வரத் தேவையில்லை.

3. மட்டக்களப்பு, சம்மாந்துறை உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவனங்கள் (ஏ.டி.ஐ), தொழில்நுட்பக் கல்லூரிகள். இங்கே நேரில் போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இதே பாடத்தை ஏ.எல்லுக்குப் பிறகு உங்களிடம் படிக்கலாமா? கணக்கியல், ஆங்கிலம், தகவல் தொழில்நுட்பம் போன்றவற்றில் ஏ.எல் சித்தியுடன் உயர் தேசிய டிப்ளோமா படிக்கும் வழி ஏ.டி.ஐக்களில் இருக்கிறது, முழுநேரம் படித்தால் கற்பித்தல் கட்டணம் இல்லை. இரண்டு வருடம் பொறுத்தால் இலவசமாகக் கிடைக்கக்கூடிய ஒன்றுக்கு இப்போது காது தோட்டை அடகு வைக்க வேண்டுமா என்பதை அதன் பிறகு வீட்டில் யோசிக்கலாம்.

பாடசாலைகளும் ஒன்று செய்யலாம். வாஷிங்டன் படிவம் போல ஒரு பக்கம்: கற்கைநெறியின் பெயர், வகுப்பு நாளும் நேரமும், மொத்தக் கட்டணம், எந்த ஆணைக்குழுவின் அங்கீகாரம், கடைசித் தவணைப் புள்ளி. கீழே மாணவர், பெற்றோர், ஆசிரியர் மூவரின் கையெழுத்து. யாரையும் தடுப்பதற்கல்ல, கையெழுத்து வைக்க முன் மூன்று பேரும் ஒரே தாளைப் பார்க்க வேண்டும் என்பதற்காக. மட்டக்களப்பு மாவட்டத்தின் ஐந்து கல்வி வலயங்களில் ஒன்று இதைத் தொடங்கினாலே போதும், மற்ற வலயங்கள் எடுத்துக்கொள்ளும். அதற்கு முன்பே ஓர் அதிபர் தன் பாடசாலைக்கு மட்டும் செய்யலாம், அச்சடிக்கும் செலவைத் தவிர வேறொன்றும் இல்லை.

அப்படியானால் எதுவுமே படிக்க வேண்டாமா?

அப்படி இல்லை. ஆங்கிலம் படிக்கலாம், கட்டாயம் படிக்கலாம். தமிழ் மொழி மூலம் ஏ.எல் எழுதிவிட்டு மருத்துவமோ பொறியியலோ விஞ்ஞானமோ படிக்கப் போனால் அங்கே எல்லாம் ஆங்கிலம். முதல் வருடம் பிள்ளைகள் அழுவது அதனால்தான். சான்றிதழ் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பார்க்காமல், எழுதவும் பேசவும் பழக்குகிறார்களா என்று பார்த்துச் சேர்க்கலாம். வர்த்தகப் பிரிவுப் பிள்ளைக்கு ஏ.ஏ.டி போன்ற கணக்கியல் பரீட்சைகளை ஓ.எல்லுக்குப் பிறகே தொடங்கும் வழி இருக்கிறது, ஏ.எல் கணக்கியலோடு ஒட்டி வருவதால் சுமை கொஞ்சம் குறைவு. ஆனாலும் தரம் 13இன் கடைசித் தவணைகளில் அதையும் நிறுத்திவைப்பது நல்லது. ஓ.எல் எழுதிவிட்டு ஏ.எல் வகுப்பு தொடங்கும்வரை உள்ள இடைவெளிதான் இப்படியான குறுகிய கற்கைநெறிகளுக்குச் சரியான காலம், அந்த இடைவெளிக்குள் முடிவதாக இருந்தால்.

ஏற்கனவே சேர்ந்து, இப்போது முடியவில்லை என்றால்

வகுப்புக்குப் போகாமல் சும்மா நின்றுவிடாதீர்கள். தவணைக் கட்டணத்துக்கு ஒப்பந்தம் எழுதியிருந்தால், நீங்கள் போகாவிட்டாலும் அவர்கள் கட்டணம் கேட்டு ஃபோன் எடுப்பார்கள். செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

1. சேரும்போது கையெழுத்து வைத்த தாளை எடுத்து, விலகல், பணம் மீளளிப்பு பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று வாசியுங்கள். தாள் ஆங்கிலத்தில் இருந்தால் பாடசாலையில் ஆங்கில ஆசிரியரிடம் காட்டி விளங்கப்படுத்தச் சொல்லுங்கள்.

2. விலகுவதாகவோ, ஏ.எல் முடியும்வரை ஒத்திவைப்பதாகவோ திகதி போட்டுக் கடிதம் எழுதிக் கொடுங்கள். பிரதியில் அவர்களின் முத்திரையும் கையெழுத்தும் வாங்குங்கள். ஃபோனில் சொன்னது நிற்காது.

3. முடித்த பாடங்களின் பெறுபேற்றை எழுத்தில் கேளுங்கள். பிறகு அதே இடத்திலோ வேறு இடத்திலோ தொடர நினைத்தால் அதுதான் கையில் இருக்கும் ஆதாரம். கட்டிய பணத்தின் பற்றுச்சீட்டுகளையும் அதோடு சேர்த்து வையுங்கள்.

4. அடுத்த பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் முன்பே இதைச் செய்யுங்கள். பரீட்சைக் கட்டணம் ஒருமுறை போய்விட்டால் திரும்பி வருவது மிகக் கடினம்.